மஞ்சள் நூலுக்கு ஓர் இடம்

மிளகின் வீட்டில் கொஞ்ச நாளாக யாரும் துணிக்கு இஸ்திரி போடவில்லை. இஸ்திரிப் பெட்டி நன்றாகத்தான் இருந்தது. மின்சாரமும் இருந்தது. இஸ்திரி மேசையைத்தான் அம்மா பிடித்துக்கொண்டுவிட்டார்.

அப்பா கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போனார். இன்னும் கொஞ்சம் கசங்கிய சட்டையோடு திரும்பி வந்தார்.

"ஆபீஸ்ல பார்க்கிறவங்க எல்லாம் 'உடம்பு சரியில்லையா'ன்னு கேக்கறாங்க," என்று முறையிட்டார்.

"எனக்கு நல்லாத்தான் இருக்கு, சட்டைக்குத்தான் உடம்பு சரியில்லன்னு சொல்லுங்க," என்றார் அம்மா. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்ததால், அவர் சொன்னது பாதிதான் புரிந்தது.

மிளகு என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். ஆள் பொடிசு, பேச்சு காரம். அதனால் மிளகு. நாளடைவில் வீட்டிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

அம்மாவுக்கு ரயில்வேயில் வண்டிகளுக்கு நேரம் போடும் வேலை. எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எது எதற்கு வழிவிட வேண்டும் என்று முடிவு செய்வது அவர்தான். அலுவலகத்தில் அதற்குக் கம்ப்யூட்டர் உண்டு. ஆனாலும் சிக்கலான வேலை வந்துவிட்டால் அம்மா வீட்டுக்கு வந்து நூலையும் குண்டூசியையும் எடுத்துவிடுவார்.

"கம்ப்யூட்டர் 'முடியாது'ன்னு மட்டும்தான் சொல்லும். ஏன் முடியாதுன்னு நூல்தான் சொல்லும்," என்பார்.

மேசைமேல் விரித்த வெள்ளைத் துணியில் குறுக்கே சில கோடுகள் இருந்தன. ஒவ்வொரு கோடும் ஒரு நிலையம். மேலே அவர்களுடைய ஊர் நிலையம். அதற்குக் கீழே சூளை நிறுத்தம். அதற்கும் கீழே பள்ளிக்கூட நிறுத்தம். எல்லாவற்றுக்கும் அடியில் சந்திப்பு நிலையம். அவற்றின் மேல் வண்ண நூல்கள் சாய்வாக ஓடின.

"வெள்ளை நூல் பால் வண்டி. நீலம் விரைவு வண்டி. சிவப்பு உப்பு வண்டி. மஞ்சள்…"

"எங்க வண்டி!" என்றாள் மிளகு.

"ஆமாம், உங்க பள்ளிக்கூட வண்டி. நூல் சாய்வா போனா வண்டி ஓடுதுன்னு அர்த்தம். படுத்துக்கிட்டா நிக்குதுன்னு அர்த்தம்."

"இந்த ரெண்டு இடத்துல மட்டும் ஏம்மா ரெட்டைக் கோடு?"

"நம்ம ஊர்லயும் சந்திப்புலயும் மட்டும்தான் ஒண்ணுக்கு மேல தண்டவாளம் இருக்கு. நடுவுல முழுக்க ஒத்தைத் தண்டவாளம். எதிரெதிரா வர்ற வண்டிங்க அந்த ரெண்டு இடத்துலதான் ஒண்ணையொண்ணு தாண்ட முடியும். அதனால நூல் மேல நூல் அங்கதான் குறுக்கே போகலாம்."

"வேற இடத்துல குறுக்கே போனா?"

"போகாது. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க."

அம்மாவின் கையில் இன்னொரு சிவப்பு நூல் இருந்தது. அதுதான் சிக்கலே. உப்பளத்தில் இப்போது உப்பு நிறைய விளைகிறது. ஒரு வண்டி போதவில்லை. காலையில் இரண்டாவது உப்பு வண்டியும் விட வேண்டும். அதை எங்கே குத்துவது?

"உப்பு வண்டி சந்திப்புல வந்து காத்துக்கிட்டு நிக்கும். உங்க வண்டி அங்க போய்ச் சேர்ந்தப்புறம்தான் அது இங்க வரக் கிளம்பலாம். இங்கேருந்து நீல வண்டி புறப்படறதுக்குள்ள வந்தும் சேர்ந்துடணும். அந்த இடைவெளியில ஒரு வண்டி வரலாம். பின்னாடியே இன்னொண்ணு வர நேரம் பத்தல."

"எங்க வண்டி முன்னாடியே கிளம்பட்டும்."

"முன்னாடி பால் வண்டி இருக்கு."

"அப்ப நீல வண்டி கொஞ்சம் தூங்கி எழுந்து வரட்டும்."

"அது போற வழியெல்லாம் இதே மாதிரி நூல் கட்டி வச்சிருக்காங்க, மிளகு. இங்க தாமதமானா அத்தனை ஊர்லயும் நூல் சிக்கிக்கும்."

"இன்னொரு உப்பு வண்டி எதுக்கு? உப்பு இல்லாமலே சாப்பிட்டுக்கலாம்!"

"நேத்து நான் அப்படித்தான் சமைச்சேன். மறந்துட்டேன்," என்று சமையலறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "முகத்தைச் சுளிச்சது யாரு?"

சுளித்தது மிளகுதான்.

"உப்பு வண்டியை நம்பியும் எத்தனையோ குடும்பம் இருக்கு," என்றார் அம்மா. "இருக்கிற உப்பு வண்டியோட டிரைவரே பாவம். உங்க வண்டி வரட்டும்னு தினமும் சந்திப்புல உட்கார்ந்திருக்கார். வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறதுக்குள்ள சாப்பாடு ஆறிப்போகுதாம்."

அம்மா கையிலிருந்த சிவப்பு நூலை மேசையோரம் வைத்தார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்.

"இடம் கிடைக்கலன்னா மஞ்சள் நூலை எடுத்துடச் சொல்லிட்டார் பெரிய அதிகாரி. உங்களுக்குப் பஸ் விடுவாங்களாம்."

"சூளைக்குத்தான் பஸ் போற ரோடே கிடையாதே! பொட்டலம் எப்படிம்மா பள்ளிக்கூடம் வருவான்?"

அம்மா சூளை நிறுத்தத்தின் கோட்டை விரலால் தடவினார். 

பொட்டலம் சூளை நிறுத்தத்தில் ஏறும் பொடியன். கழுத்தில் ஒரு மப்ளர், தலையில் ஒரு மப்ளர், மேலே இரண்டு ஸ்வெட்டர். சளி பிடிக்கும் என்று அவனுடைய அம்மா அப்படிச் சுற்றி அனுப்புவார். அவனோடு சூளையிலிருந்து இன்னும் நிறைய பிள்ளைகள் வருவார்கள். அந்த ரயில் நின்றுவிட்டால் அவர்கள் படிப்பும் நின்றுவிடும். மிளகு மேசைப் பக்கம் இன்னும் நெருங்கி வந்தாள்.

"எவ்வளவு நேரம் கிடைச்சா போதும்மா?"

அம்மா மஞ்சள் நூலில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். பள்ளிக்கூட நிறுத்தத்தின் கோட்டில் அது நீளமாகப் படுத்துக் கிடந்தது.

"இங்கதான் உங்க வண்டி ரொம்ப நேரம் நிக்குது. ஒரு முட்டை வேகற நேரம். அதைப் பல் தேய்க்கற நேரமாக் குறைச்சுட்டா, ரெண்டாவது உப்பு வண்டிக்கும் இடம் வந்துடும்."

"யார் பல் தேய்க்கற நேரம்? உங்களோடதா, என்னோடதா?"

"என்னோடது. நீ தேய்க்கிற நேரத்துல வண்டி நிக்கவே முடியாது," என்றார் அம்மா. "பிள்ளைங்க நிறைய. அத்தனை பேரும் இறங்க அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும்."

மறுநாள் காலை மிளகு ரயிலில் ஏறியபோது அவள் மூளை முழுக்க மஞ்சள் நூல்தான் ஓடியது.

பள்ளிக்கூட வண்டிக்கு மூன்று பெட்டிகள். முதல் பெட்டி காலி. நடுப் பெட்டியும் காலி. கடைசிப் பெட்டியில் மட்டும் நிற்க இடமில்லை. எல்லாப் பிள்ளைகளும் அதில்தான் அடைந்து கிடந்தார்கள். பைகளின் மேல் பிள்ளைகள், பிள்ளைகளின் மேல் பைகள்.

காரணம், கார்டு மாமா.

கடைசிப் பெட்டியின் மூலையில் கார்டுக்கென்று ஒரு சின்ன இடம் உண்டு. பச்சைக் கொடியையும் விசிலையும் வைத்துக்கொண்டு கார்டு மாமா அங்கேதான் இருப்பார். வண்டி கிளம்பியதும் கதை தொடங்கிவிடும். வீடு தேடி அலையும் ஓர் ஒட்டகச்சிவிங்கியின் கதை. எந்த வீட்டுக்குப் போனாலும் அதன் கழுத்து கூரையை இடிக்கும். கதை மாதக்கணக்காக ஓடுகிறது. ஒட்டகச்சிவிங்கிக்கு இன்னும் வீடு கிடைத்தபாடில்லை.

"அந்த வீட்டுக்காரம்மா கதவைத் திறந்தாங்க. பார்த்தா, வாசல்ல நாலு கால் மட்டும் நிக்குது. 'ஐயோ, தலையில்லாத மிருகம்!'னு கத்தினாங்க பாரு…"

வண்டி பள்ளிக்கூட நிறுத்தத்தில் நின்றது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"இறங்குங்கப்பா, இறங்குங்க," என்றார் கார்டு மாமா.

"அப்புறம் என்ன ஆச்சு மாமா?"

"இறங்குங்க… அப்புறம், மேலேருந்து ஒரு குரல். 'வணக்கம் அம்மா, நான் இங்க இருக்கேன்'னு…"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்து, பைகளைத் தேடி, அவரவர் பையின் வார் அடுத்தவர் பையில் மாட்டிக்கொண்டதைப் பிரித்து, ஒரே கதவில் முட்டி மோதி இறங்கினார்கள். கடைசியாகப் பொட்டலம் உருண்டு இறங்கினான். அதன் பிறகுதான் கார்டு மாமாவால் பச்சைக் கொடியைக் காட்ட முடிந்தது. முட்டை நன்றாக வெந்திருக்கும்.

மிளகு நடைமேடையிலேயே நின்றுவிட்டாள். பிள்ளைகள் நிறைய என்பதால் அந்த நூல் நீளமாகப் படுக்கவில்லை. ஒட்டகச்சிவிங்கிதான் அதன்மேல் ஏறிப் படுத்திருக்கிறது!

அன்று பாடம் எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அம்மாவிடம் சொன்னால் வண்டி பிழைக்கும். ஆனால் கார்டு மாமாவுக்குத் திட்டு விழுமே! வேலை நேரத்தில் கதையா என்று பெரிய அதிகாரி கேட்டால்? அவரைப் போல நல்ல மனுஷர் ரயில்வேயில் வேறு யார் இருக்கிறார்கள்? சொல்லாமல் விட்டாலோ பொட்டலம் வீட்டோடு கிடப்பான்.

யாரிடம் முதலில் சொல்வது என்று யோசித்துப் பார்த்தாள். கார்டு மாமாவிடமேதான் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் வண்டி ஊர் வந்து சேர்ந்தது. எல்லாரும் இறங்கிப் போகும்வரை மிளகு காத்திருந்தாள்.

"மாமா, நான் ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது."

"இப்படி ஆரம்பிச்சாலே அது வருத்தப்படற விஷயம்தான். சொல்லு," என்றார் கார்டு மாமா.

மிளகு நூல், குண்டூசி, உப்பு வண்டி, முட்டை, பல் தேய்ப்பது என்று ஒன்று விடாமல் கொட்டினாள். கார்டு மாமாவின் முகம் வாடிப்போனது.

"நம்ம வண்டியைக் காலி பண்றது என் கதைதானா?" என்றார். "காலையில பிள்ளைங்க முகம் எல்லாம் தூங்கி வழியும். கொஞ்சம் சிரிச்சா நல்லாருக்குமேன்னுதான் ஆரம்பிச்சேன்."

"நல்லாத்தான் மாமா இருக்கு! ரொம்ப நல்லா இருக்கறதுதான் கஷ்டமே!"

"நாளையிலேருந்து வாயைத் திறக்க மாட்டேன், மிளகு. நீ என்கிட்டயே வந்து சொன்னியே, அதுக்கு உனக்கு நன்றி சொல்லணும்."

சொன்னபடியே மறுநாள் அவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் நடந்தது வேறு.

"மாமாவுக்குத் தொண்டை வலி!" என்று யாரோ ஒரு பிள்ளை கிளப்பிவிட்டது. அவ்வளவுதான். ஒருத்தி வெந்நீர் கொடுத்தாள். ஒருவன் இருமல் மிட்டாய் கொடுத்தான். பொட்டலம் தன் கழுத்து மப்ளரைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்து, கார்டு மாமாவின் கழுத்தில் கட்டிவிட்டான். நிறுத்தம் வந்த பிறகும் ஒருவரும் அவரை விட்டு நகரவில்லை. "ஆவி பிடிங்க மாமா," "ஐஸ் தண்ணி குடிக்காதீங்க மாமா," என்று ஆளுக்கு ஆள் வைத்தியம் சொன்னார்கள்.

அன்று வண்டி என்றைக்கும் இல்லாத அளவுக்கு நின்றது. இரண்டு முட்டை வேகும் நேரம்.

சாயங்காலம் மிளகு வீட்டுக்கு வந்தபோது அம்மா இஸ்திரி மேசையின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். நாளைக்குப் பெரிய அதிகாரிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மஞ்சள் நூலைப் பிடுங்கவா வேண்டாமா என்பதுபோல அம்மாவின் விரல்கள் அதன் பக்கத்திலேயே இருந்தன.

மிளகும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மஞ்சள் நூலின் ஒரு முனை, ஊர் நிலையத்துக் குண்டூசியைத் தாண்டி மேசைக்கு வெளியே தொங்கியது. மிளகு அதை விரலில் சுற்றினாள்.

"இது எதுக்கும்மா வெளியில தொங்குது?"

"அதுவா? அது வண்டி கிளம்பறதுக்கு முந்தின நேரம். ஊர் நிலையத்துல ஓரத் தண்டவாளத்துல சும்மா நிக்குமே, அது."

"அங்க நின்னா யாருக்கும் இடைஞ்சல் இல்லையா?"

"அங்க எவ்வளவு நேரம் நின்னா யாருக்கு என்ன? ஒத்தைத் தண்டவாளத்துல நின்னாத்தான் தொந்தரவு."

மிளகு விரலில் சுற்றிய நூலைப் பார்த்தாள். தொங்கும் முனையைப் பார்த்தாள். பிறகு துள்ளி எழுந்தாள். மேசை ஆடியது. பால் வண்டி கழன்று கீழே விழுந்தது.

"அம்மா! கதையை அங்க சொல்லலாம்!"

"எந்தக் கதையை?"

இனி மறைத்து என்ன பயன்? மிளகு எல்லாவற்றையும் சொன்னாள். ஒட்டகச்சிவிங்கி முதல் மப்ளர் வரை. அம்மா கேட்கக் கேட்கக் கண்ணை அகல விரித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வாயிலிருந்த குண்டூசிகள் சிதறி விழும்வரை சிரித்தார்.

"அந்த நிறுத்தத்துல புதுசா நடைமேடை கட்டலாமா, பெட்டிக்கு அகலமான கதவு வைக்கலாமான்னு கூட்டம் கூட்டமாப் போட்டுப் பேசினோம். ஒட்டகச்சிவிங்கியைப் பத்தி ஒருத்தருக்கும் தோணலையே!"

"கார்டு மாமாவைத் திட்டுவாங்களாம்மா?"

"பிள்ளைங்களைச் சிரிக்க வச்சதுக்கா? முதல்ல வண்டி சரியா ஓடட்டும். அப்புறம் யாரு திட்டறாங்கன்னு நான் பார்த்துக்கறேன்."

அம்மா பெரிய அதிகாரியிடம் பேசினார். சில நாள் ஒத்திகை பார்க்க அனுமதி கிடைத்தது. கடைசி நாளன்று அதிகாரியே கடிகாரத்தோடு வருவார். அன்று வண்டி பள்ளிக்கூட நிறுத்தத்திலிருந்து பல் தேய்க்கும் நேரத்துக்குள் கிளம்பினால் மஞ்சள் நூல் இருக்கும். இல்லாவிட்டால் இல்லை.

மறுநாள் முதல் ஊர் நிலையத்தில் ஓர் அதிசயம் நடந்தது. தினமும் வண்டி கிளம்பும்போது ஓடி வந்து தொற்றும் பிள்ளைகள், வண்டி கிளம்பும் முன்பே நடைமேடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய பெற்றோர்களுக்கே நம்ப முடியவில்லை. கார்டு மாமா விளக்கு, பிரேக், கதவு எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு வந்து கதை சொன்னார். சொல்லி முடித்து விசில் ஊதினால் எல்லாரும் மூன்று பெட்டிகளிலும் பிரிந்து ஏற வேண்டும்.

"சூளையில ஏறுறவங்களுக்குக் கதை?" என்று முதலிலேயே கேட்டார் கார்டு மாமா.

அதையும் மிளகு யோசித்து வைத்திருந்தாள். பெட்டிக்கு ஒருவர் அவர்களுக்குக் கதையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நடுப் பெட்டிக்கு மிளகு. முதல் பெட்டிக்கு ரேடியோ. கடைசிப் பெட்டிக்கு ரேடியோவின் அக்கா. ரேடியோ என்பவன் வாயை மூடியே யாரும் பார்த்திராத பையன்.

எங்கே ஏறினாலும் கதை உண்டு என்று தெரிந்ததும் சூளைப் பிள்ளைகளும் மூன்று பெட்டிகளிலும் பரவி ஏறினார்கள். இறங்கும்போது கதவில் நெரிசலே இல்லை. வந்த சிக்கல் ஒன்றே ஒன்றுதான். ரேடியோ சொன்ன கதையில் ஒட்டகச்சிவிங்கி கறுப்புக் கண்ணாடி போட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டியது. எது உண்மையான கதை என்று பள்ளிக்கூட மைதானத்தில் பெரிய சண்டையே நடந்தது.

கடைசி நாள் வந்தது. பெரிய அதிகாரி முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாமல் நடுப் பெட்டியில் வந்து உட்கார்ந்தார். கையில் பெரிய கடிகாரம். அம்மாவும் கூட வந்தார். 

அன்றைக்குக் கார்டு மாமா கதையை ஓர் இக்கட்டான இடத்தில் நிறுத்தியிருந்தார். ஊரில் எல்லா வீடும் பார்த்தாகிவிட்டது. மழை கொட்டுகிறது. ஒட்டகச்சிவிங்கி கடைசி வீட்டின் கதவைத் தட்டுகிறது. அவ்வளவுதான். மிளகும் அதை அப்படியே பொட்டலத்துக்குச் சொன்னாள்.

வண்டி பள்ளிக்கூட நிறுத்தத்தில் நின்றது. அதிகாரி கடிகாரத்தை அழுத்தினார். முதல் பெட்டியிலிருந்து பிள்ளைகள் இறங்கினார்கள். கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கினார்கள். நடுப் பெட்டியிலும் இறங்கினார்கள், ஒருவனைத் தவிர.

பொட்டலம் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வீடு கிடைச்சுதா, இல்லையா?"

"இறங்குடா பொட்டலம், நாளைக்குத் தெரியும்," என்றாள் கீழே நின்ற மிளகு.

"நாளைக்கு வரைக்கும் மழையில நிக்குமா? எனக்கு இப்பவே தெரியணும்."

அவன் அடம் பிடிக்கவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டான். சூளையில் வேலை செய்யும் அவன் குடும்பம் அடிக்கடி வீடு மாறும். மழையில் சாமான்களோடு நிற்பது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். மிளகுக்கு அது சட்டென்று புரிந்தது. கையைப் பிடித்து இழுத்தால் அழுவான். 'அப்புறம் சொல்றேன்' என்றால் நம்ப மாட்டான். அம்மா சன்னல் வழியே மிளகைப் பார்த்தார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

கதையின் முடிவு மிளகுக்கும் தெரியாது. ஆனால் பொட்டலத்துக்கு இப்போது ஒரு வீடு வேண்டும்.

"கிடைச்சுடுச்சு!" என்றாள். "அது மாடி வீடு. கீழே இருக்கறவங்க, 'உடம்பை எங்க வீட்ல வச்சுக்கோ'ன்னாங்க. மாடியில இருக்கறவங்க, 'தலையை எங்க வீட்ல வச்சுக்கோ'ன்னாங்க. நடுவுல ஓட்டை போட்டுட்டாங்க!"

பொட்டலம் ஒரு கணம் யோசித்தான். "ஒழுகாதுல்ல?"

"ஒரு சொட்டுகூட ஒழுகாது!"

பொட்டலத்தின் முகம் மலர்ந்தது. மப்ளர் பறக்க ஒரே தாவாகத் தாவி இறங்கினான். கார்டு மாமாவின் பச்சைக் கொடி விரிந்தது. விசில் ஊதியது. வண்டி நகர்ந்தது.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்ததை மிளகு பார்த்தாள். அவர் முகத்திலிருந்து மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வந்ததும் நேராக இஸ்திரி மேசைக்குப் போனார். இரண்டாவது சிவப்பு நூலை எடுத்தார். சந்திப்பு நிலையத்தில் ஒரு குண்டூசி, ஊர் நிலையத்தில் ஒரு குண்டூசி. நீல நூலின் மேல் படாமல், மஞ்சள் நூலைத் தொடாமல், சிவப்பு நூல் அழகாக உட்கார்ந்தது.

மிளகு அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"கார்டு மாமாவை ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல. என்கிட்டதான் தனியாக் கேட்டார். மாடியில தலை, கீழ உடம்புன்னா அது எங்க குளிக்கும்னு," என்றார் அம்மா. பிறகு மிளகின் முகத்தைக் கைகளில் ஏந்திக்கொண்டார். "எனக்கு இந்த வேலையில எத்தனையோ பேர் உதவி பண்ணியிருக்காங்க. இவ்வளவு பெரிய உதவியை யாரும் பண்ணதில்ல. ரொம்ப நன்றிடா கண்ணு."

அப்பா இஸ்திரிப் பெட்டியோடு பக்கத்தில் வந்து நின்றார். "வண்டியெல்லாம் போயாச்சுன்னா என் சட்டையைக் கொஞ்சம் விடலாமா?"

அம்மா நூல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுற்றினார். மஞ்சள் நூலை மட்டும் மிளகிடம் கொடுத்தார். "இது உனக்குத்தான்."

புது நேரம் தொடங்கிய முதல் நாள். ஊர் நிலையத்தில் கதை முடிந்து எல்லாரும் ஏறிக்கொண்டிருந்தார்கள். மிளகு அந்த மஞ்சள் நூலைக் கார்டு மாமாவின் கொடிக் கம்பில் கட்டிவிட்டாள்.

"எங்க வண்டியைக் காப்பாத்தினதுக்கு நன்றி மாமா."

"அடி போடி, நான்தான் உனக்குச் சொல்லணும்," என்றார் கார்டு மாமா. "அந்த ஒட்டகச்சிவிங்கிக்கு ஒரு வீடு பிடிக்கத் தெரியாம எவ்வளவு நாளாத் திண்டாடிக்கிட்டு இருந்தேன் தெரியுமா? மழையில வேற நிக்க வச்சுட்டேன். நீ சொன்ன வீட்டுலயே குடி வச்சுட்டேன்."

பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பதற்கு முன்பே எல்லாரும் வேலியோரம் போய் நின்றார்கள். தூரத்தில் ஊதல் கேட்டது. முதல் உப்பு வண்டி தடதடவென்று வந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கையை ஆட்டினார்.

"பிள்ளைங்களா, ரொம்ப நன்றி! இன்னைக்குச் சூடாச் சாப்பிடப் போறேன்!"

பிள்ளைகள் "ஓ" என்று கத்தினார்கள். பொட்டலம் மப்ளரைக் கழற்றிச் சுழற்றினான். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் பின்னாலேயே இரண்டாவது உப்பு வண்டியும் வந்துவிட்டது.

"மிளகு அக்கா," என்றான் பொட்டலம், "அவர் சாப்பாட்டுல உப்பு சரியா இருக்குமா?"

"இருக்காம பின்னே?" என்றாள் மிளகு. "இன்னைக்கு ரெண்டு வண்டி உப்பு போகுதே!"